செவ்வாய்க்கிழமை வாய்தா

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் காலைக் காட்சியும் உண்டு என்று சிதம்பரம் கீழவீதி முனையில் சுவரொட்டி ஒட்டியதும் ஊரே சந்தோஷப்பட்டது. தியேட்டர் ஆபரேட்டர் தில்லைநாதன் மட்டும் சந்தோஷப்படவில்லை.

நேராக முதலாளி அறைக்குப் போனான்.

"ஞாயித்துக்கெழமதாங்க எனக்கு லீவு."

"இனிமே செவ்வாக்கெழம எடுத்துக்க. செவ்வாக்கெழம எவன் படம் பாக்க வர்றான்?"

"இல்லீங்க மொதலாளி. மாசத்துல மொத ஞாயிறும் மூணாவது ஞாயிறும் நான் கடலூர் போவணும். எம் பொண்ணப் பாக்க."

"ஏன், உம் பொண்ணு செவ்வாக்கெழம இருக்காதா?"

இருப்பாள். ஆனால் கோர்ட்டு உத்தரவில் செவ்வாய்க்கிழமை கிடையாது.

அது அறுபத்து மூன்றாம் வருஷம். தில்லைநாதன் ஜாதிசனத்தில் கோர்ட்டுக்குப் போய் விவாகரத்து வாங்கிய முதல் ஆள் அவன்தான். காரணம் கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. சௌந்தரத்துக்குக் கடலூரில் டீச்சர் வேலை கிடைத்தது. "வேலைய வுட்டுட்டு சிதம்பரம் வா" என்றான் இவன். "கடலூர்ல தியேட்டரே இல்லியா, நீங்க வாங்க" என்றாள் அவள். அவன் கடிதம் போடட்டும் என்று அவள் ஆறு மாதம் காத்திருந்தாள். அவள் போடட்டும் என்று அவனும் காத்திருந்தான். நடுவில் அவளுடைய அப்பா பழனிவேல் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டார். பிரிந்து வாழ ஒரு தீர்ப்பு, ரெண்டு வருஷம் கழித்து விவாகரத்துக்கு ஒரு தீர்ப்பு. ரெண்டு தீர்ப்பு நாளிலும், 'உனக்கு நெஜமாவே இது வேணுமா?' என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. அதைக் கேட்க வேண்டியது ஜட்ஜின் வேலை என்று ரெண்டு பேருமே நினைத்துவிட்டார்கள்.

மகள் தேன்மொழிக்கு ஏழு வயசு. மாதம் ரெண்டு ஞாயிறு, காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை அவள் அப்பாவோடு இருக்கலாம். திருப்பாதிரிப்புலியூரில் பழனிவேல் வீட்டு வாசலில் வாங்கி, அதே வாசலில் ஒப்படைக்க வேண்டும். சௌந்தரம் வெளியே வரமாட்டாள். உள்ளே ஜன்னல் கதவு லேசாக அசையும். அவ்வளவுதான்.

தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போவார்கள். தேன்மொழி ஈரமணலில் அ, ஆ எழுதிக்காட்டுவாள். அலை வந்து அழிக்கும். மறுபடி எழுதுவாள். அந்த ஏழு மணி நேரத்தை வைத்துக்கொண்டுதான் தில்லைநாதன் மிச்ச பதினாலு நாளை ஓட்டிக்கொண்டிருந்தான். இப்போது அதுவும் போயிற்று.

சரி, சௌந்தரத்துக்கே ஒரு கார்டு போட்டுக் கேட்டுவிடலாம் என்று உட்கார்ந்தான். 'அன்புள்ள' என்று ஆரம்பித்தான். விவாகரத்துக்கு அப்புறம் அன்புள்ள போடலாமா என்று சந்தேகம் வந்தது. கார்டைக் கிழித்தான். 'மதிப்பிற்குரிய' என்று போட்டால் முனிசிபாலிட்டிக்கு எழுதுவது போல இருந்தது. அதையும் கிழித்தான். அஞ்சு கார்டு போனபிறகு, ஒன்றும் போடாமல், 'ஞாயிறு முடியாது. செவ்வாய் ஆகுமா?' என்று மட்டும் எழுதி அனுப்பினான்.

பதில் பழனிவேலிடமிருந்து வந்தது. 'மொட்டைக் கார்டு போடுவது மரியாதை அல்ல. எதுவானாலும் கோர்ட்டு மூலம்.'

அடுத்த ஞாயிறு, உதவி ஆபரேட்டரின் கையைப் பிடித்துக் கெஞ்சி, காலைக் காட்சியை அவனிடம் ஒப்படைத்துவிட்டுக் கடலூருக்கு பஸ் ஏறினான். உதவி ஆபரேட்டர் நல்லவன். ஆனால் நாலாவது ரீலுக்கு அப்புறம் பதினொன்றாவது ரீலை மாட்டிவிட்டான். அதில் குண்டடி பட்டுச் செத்துப்போன கதாநாயகன், அடுத்து மாட்டிய ஐந்தாவது ரீலில் மாலை போட்டுக்கொண்டு பெண் பார்க்கப் போனான். ஜனங்கள் நாற்காலியை உடைத்துவிட்டார்கள்.

"இனிமே ஞாயித்துக்கெழம நீ செத்தாக்கூட, திங்கக்கெழமதான்டா தூக்குவேன்" என்றார் முதலாளி.

தான் போக முடியாவிட்டால் என்ன, பிள்ளையை இங்கே கொண்டுவந்துவிடலாமே என்று அடுத்த யோசனை. மூணாவது ஞாயிறு, விடிந்தும் விடியாத நேரத்தில் பழனிவேல் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"பத்து மணிக்குத்தான உத்தரவு?" என்றார் பழனிவேல், வாயில் வேப்பங்குச்சியோடு.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு மாமா..."

"யாருக்கு யாரு மாமா?"

அதற்குள் உள்ளேயிருந்து தலை சீவி, பொட்டு வைத்து, கையில் டிபன் பாக்ஸோடு தேன்மொழி ஓடிவந்துவிட்டாள். அந்த நேரத்துக்கு அவளை யார் எழுப்பித் தயார் செய்தது என்று கேட்க பழனிவேலுக்கும் தோன்றவில்லை, தில்லைநாதனுக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு ஆபரேட்டர் ரூமில் தேன்மொழிதான் ராணி. ஸ்டூல்மேல் ஏறி நின்று சின்ன ஜன்னல் வழியாகப் படம் பார்த்தாள். பிலிம் சுற்றும் சக்கரத்தை அவளே சுற்றினாள்.

"அப்பா, இந்த ஆளுங்க எல்லாம் இந்த டப்பாக்குள்ளதான் தூங்குவாங்களா?"

"ஆமா."

"அம்மாவையும் ஒரு டப்பாக்குள்ள போட்டு வச்சிக்கங்களேன். வேணுங்கிறப்ப பாக்கலாமில்ல?"

தில்லைநாதன் மெஷினுக்கு எண்ணெய் விட்டான். அதற்கு அன்றைக்கு எண்ணெய் தேவையே இல்லை.

மத்தியானக் காட்சியை உதவி ஆபரேட்டர் தலையில் கட்டிவிட்டு ஓடோடிப் பிடித்த பஸ், புதுச்சத்திரம் தாண்டி டயர் வெடித்து மணிக்கணக்கில் நின்றது. திருப்பாதிரிப்புலியூர் வந்து சேரும்போது மணி ஏழே கால். வாசலில் பழனிவேல் நின்றார். பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நின்றார். சௌந்தரம் முதல் தடவையாக வெளியே வந்து, அழுத கண்ணோடு நின்றாள். அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையை அவள் வாங்கினாள். வாங்கும்போது அவள் விரல் அவன் தோளில் பட்டது. உள்ளே போய்விட்டாள்.

போலீஸ்காரர் கேட்ட கேள்வி ஒன்றும் தில்லைநாதன் காதில் விழவில்லை. அவன் தோள் அந்த இடத்தில் மட்டும் சுட்டுக்கொண்டே இருந்தது.

"ரெண்டே கால் மணி லேட்டு! உத்தரவ மதிக்கல! நானும் கோர்ட்டுல சொல்லத்தான் போறேன்" என்று கத்தினார் பழனிவேல்.

வேறு வழியில்லை. மஞ்சக்குப்பத்தில் வக்கீல் கோவிந்தசாமியிடம் போனான். கோவிந்தசாமி கோர்ட்டில் எழுந்து நிற்பார். மற்ற எல்லாமே அவருடைய குமாஸ்தா ராஜமாணிக்கம்தான். மனு எழுதியதும் ராஜமாணிக்கம்தான். 'மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பதிலாக, ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பள்ளி விட்ட பின், மாலை நாலரை முதல் எட்டு வரை.'

"சிம்பிள் மேட்டர் சார். ஒரே ஹியரிங். ஆனா ஜட்ஜ் புள்ளையக் கேப்பாரு. அதனால அந்தம்மா புள்ளையக் கூட்டிகினு வரணும்."

முதல் ஹியரிங் ஒரு செவ்வாய்க்கிழமை. தில்லைநாதன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்கே கோர்ட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். பத்து மணிக்கு ரிக்‌ஷாவிலிருந்து பழனிவேல் இறங்கினார். அப்புறம் தேன்மொழி. அப்புறம் சௌந்தரம். ஊதாக் கரை போட்ட வெள்ளை வாயில் புடவை, கையில் டீச்சர் குடை. மூன்று வருஷத்தில் இளைத்திருந்தாள்.

பெஞ்சின் அந்தக் கோடியில் அவர்கள் உட்கார்ந்தார்கள். இந்தக் கோடியில் இவன். நடுவில் பாகப்பிரிவினை கேஸுக்கு வந்த எட்டுப் பேர்.

ஜட்ஜ் லீவு. ரெண்டு வாரம் வாய்தா.

"சே! வந்தது வேஸ்ட்டு" என்றான் தில்லைநாதன் குமாஸ்தாவிடம்.

அதற்குள் தேன்மொழி எட்டுப் பேரின் காலையும் தாண்டிக்கொண்டு ஓடிவந்து அவன் மடியில் ஏறிவிட்டாள். பழனிவேல் தடுக்க எழுந்தார். அது கோர்ட்டு வராந்தா. அங்கே தடுப்பதற்கு உத்தரவு இருக்கிறதா என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். ரிக்‌ஷாக்காரன் டீ குடித்துவிட்டு வரும் வரைக்கும் ஒரு முழு மணி நேரம்!

சிதம்பரத்துக்குத் திரும்பும்போது தில்லைநாதன் கணக்குப் போட்டான். இன்றைக்கு மனு சாங்ஷன் ஆகியிருந்தால் வாரா வாரம் தேன்மொழி கிடைப்பாள். வாசலில் பழனிவேல் கொண்டுவந்து ஒப்படைப்பார். ஜன்னல் கதவு அசையும். அவ்வளவுதான். ஆனால் வாய்தா ஆனால்...

அடுத்த வாய்தா அன்றைக்கு, கேஸ் எடுப்பதற்கு முன்னாலேயே ராஜமாணிக்கத்தைத் தனியாகக் கூப்பிட்டான்.

"வந்து... இன்னொரு வாய்தா வாங்கலாமா?"

"ஏன் சார்? நம்ம பக்கம் எல்லாம் ரெடியா இருக்குதே!"

"எனக்கு இன்னும் கொஞ்சம் யோசிக்கணும்."

குமாஸ்தா அவனை மேலும் கீழும் பார்த்தான். "சரி, ஐயாகிட்ட சொல்றேன்" என்று உள்ளே போனான். அரை மணியில் வெளியே வந்து கட்டைவிரலைக் காட்டினான். "ஆயிடுச்சு சார். ரெண்டு வாரம்."

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. பதினைந்து நாளைக்கு ஒரு செவ்வாய். வக்கீல்கள் உள்ளே போவார்கள். கட்சிக்காரர்கள் வராந்தாவில் இருப்பார்கள். தில்லைநாதன் உள்ளே எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அங்கே என்ன ஆகும் என்பதுதான் அவனுக்கு முன்கூட்டியே தெரியுமே! நாலாவது வாய்தாவோடு பழனிவேலுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. அவர் வருவதை நிறுத்தினார். பாகப்பிரிவினைக்காரர்களும் ராஜியாகி ஊர் போய்ச் சேர்ந்தார்கள். பெஞ்சு காலியாயிற்று.

அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் தேன்மொழிதான் தபால்.

"அப்பா, உங்க சட்டையில ரெண்டாவது பட்டன் இல்லேன்னு அம்மா சொல்லல. நானாத்தான் சொல்றேன்."

"அப்படியா? தியேட்டர்ல அறுந்துபோச்சுன்னு நான் சொல்லல. நீயே போய்ச் சொல்லு."

ஆறாவது வாய்தாவுக்குத் தேன்மொழி கையில் நூல் கோத்த ஊசியும் பட்டனும் இருந்தன. எட்டாவதுக்கு டிபன் கேரியரில் ஓர் அடுக்கு ஜாஸ்தியாக இருந்தது. தேன்மொழி அதைத் தூக்கிக்கொண்டு நடந்துவந்தாள். புளிச்சோறு, மேலே வறுத்த மல்லாட்டைக் கடலை. தில்லைநாதன் முதல் வாயை வைத்ததும் நிறுத்திவிட்டான். இந்தக் கைமணம் மறந்துவிட்டது என்றுதான் அவன் இத்தனை நாள் நினைத்திருந்தான்.

"காரம் ஜாஸ்தியா?" என்றாள் தேன்மொழி.

"யாரு கேக்கச் சொன்னது?"

"யாரும் இல்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

சௌந்தரம் புங்கமரத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் பார்க்க ஒன்றுமில்லை. ஒரு காக்காய்கூட இல்லை.

ஒன்பதாவது வாய்தாவில் தேன்மொழி போகிறபோக்கில் ஒன்று சொன்னாள்: "அம்மாவுக்கு லீவே தீந்துபோச்சாம். பெரிய டீச்சர் திட்டுனாங்க."

தில்லைநாதனுக்குச் சுருக்கென்றது. தன் ஆசைக்காக அவளை இப்படி அலைய விடுகிறோமே, பிள்ளைக்கும் ஸ்கூல் போகிறதே என்று ராத்திரியெல்லாம் புரண்டான். பத்தாவது தடவை போகும்போது, 'இன்னிக்கு வாய்தா வேணாம், முடிச்சிடுங்க' என்று குமாஸ்தாவிடம் சொல்லிவிடுவது என்று பஸ்ஸில் சத்தியமே செய்துகொண்டான். பஸ்ஸை விட்டு இறங்கினான். வராந்தாவில் ஊதாக் கரை தெரிந்தது.

"ராஜமாணிக்கம், இந்த ஒரு தடவை மட்டும் வாங்கிடுங்க."

"நீங்க சொல்லவே வேணாம் சார்" என்றான் குமாஸ்தா.

பதினொன்று போயிற்று. பன்னிரண்டு போயிற்று. பெஞ்சில் இருவருக்கும் நடுவே இப்போது ஓர் ஆள் உட்காரும் இடம்தான் இருந்தது. அதில் குடை இருந்தது. மழை வந்த ஒரு செவ்வாயில், சாரல் அடிக்கிறதே என்று சௌந்தரம் அந்தக் குடையை எடுத்துத் தேன்மொழிக்கு விரித்தாள். காலியான இடத்தை ரெண்டு பேரும் பார்த்தார்கள். யாராவது ஒருவர் நகர்ந்திருந்தால் போதும். தில்லைநாதன் நகரத்தான் நினைத்தான். அந்த நேரம் பார்த்து கோர்ட்டு டவாலி வந்து, "சாட்சி மாரியம்மாள்! சாட்சி மாரியம்மாள்!" என்று கூவினான். மாரியம்மாள் என்று ஒரு கிழவி வந்து, அந்த இடத்தில் உட்கார்ந்து, வெற்றிலை போட ஆரம்பித்துவிட்டாள்.

பதிமூன்றாவது தடவை டவாலி வெளியே வந்து இவன் பேரையே கூப்பிட்டான். "தில்லைநாதன்! தில்லைநாதன்! தில்லைநாதன்!"

உள்ளே ஜட்ஜ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்தார்.

"கொழந்தையப் பாக்குற நாள மாத்தறதுக்கு ஆறு மாசமா? கொழந்தை அதுக்குள்ள காலேஜுக்கே போயிடும் போலிருக்கே! இனி ஒரு நாள் தரமாட்டேன். இன்னிக்கே முடிச்சுடறேன்."

தேன்மொழியைக் கூப்பிட்டுக் கேட்டார். "அப்பாவைச் செவ்வாய்க்கிழமை பார்க்கிறியாம்மா?"

"பாக்கறேன். இப்பவும் செவ்வாக்கெழமதான பாக்கறேன்?"

கோர்ட்டில் சிரிப்பு. ஜட்ஜ் சௌந்தரத்தின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

சௌந்தரம் தலையைக் குனிந்துகொண்டாள். குடைக் கைப்பிடியைத் திருகியபடி, "இல்லீங்க" என்றாள்.

தில்லைநாதன் கேட்டதெல்லாம் அப்படியே கிடைத்தது. ஒவ்வொரு செவ்வாயும், நாலரை முதல் எட்டு வரை. பிள்ளையைத் தாத்தா வாசலில் ஒப்படைப்பார். தாயார் வர வேண்டிய அவசியம் இல்லை என்று ஜட்ஜ் அக்கறையாக ஒரு வரி சேர்த்தார், லீவு போட்டு அலைகிறார்களே என்று.

கோவிந்தசாமி அவன் முதுகில் தட்டினார். "கங்ராஜுலேஷன்ஸ்! ஜெயிச்சுட்டோம்."

வெளியே ரிக்‌ஷா நின்றது. தேன்மொழி ஏறி உட்கார்ந்து கையாட்டினாள். சௌந்தரம் ஏறும்போது ஒரு தடவை திரும்பினாள். என்னவோ சொல்ல வந்தவள் போல இருந்தது. குடையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்துவிட்டாள். ரிக்‌ஷா மணியடித்துக்கொண்டு திரும்பி, கலெக்டர் ஆபீஸ் பக்கமாகப் போய் மறைந்தது.

இனி எந்தச் செவ்வாய்க்கிழமையும் அவள் வரமாட்டாள். தில்லைநாதன் வராந்தா பெஞ்சில், தன் வழக்கமான கோடியில் போய் உட்கார்ந்தான். ஜெயித்தவன் உட்காருகிற மாதிரி இல்லை அது.

ராஜமாணிக்கம் கையில் கட்டோடு வந்தான். "என்னா சார், ஸ்வீட்டு வாங்கித் தருவீங்கன்னு பாத்தா, இழவு வூட்டுல ஒக்காந்த மாதிரி ஒக்காந்திருக்கீங்க?"

"ராஜமாணிக்கம், ஒரே ஒரு உதவி செய்யணும்."

"சொல்லுங்க."

"நான்தான் ஒவ்வொரு தடவையும் வாய்தா கேட்டேன்னு அவுங்களுக்கு என்னிக்கும் தெரியக் கூடாது. ஆறு மாசமா அவள அலக்கழிச்சுட்டேன். லீவெல்லாம் போச்சு அவளுக்கு. தெரிஞ்சா என்ன மன்னிக்கவே மாட்டா."

குமாஸ்தா கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவனையே பார்த்தான்.

"நாம எங்க சார் வாய்தா கேட்டோம்? மொத நாளு ஜட்ஜ் லீவு; மத்தபடி ஒவ்வொரு தடவையும் நம்ம ஐயா எந்திரிக்கிறதுக்குள்ள அந்தம்மா வக்கீல் எந்திரிச்சுக் கேட்டுடுவாரு. இன்னிக்குங்கூட அந்தம்மா கண்ணுல தண்ணியோட கேக்கச் சொல்லிச்சாம், ஜட்ஜுதான் முடியாதுன்னுட்டாரு."